வீட்டு செட்டாப் பாக்ஸை வெளியூரிலிருந்து பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஊரை விட்டுக் கிளம்பியதும் எதை இழக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தால், செய்திச் சேனல்கள் அந்தப் பட்டியலில் வராது. புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ் எல்லாம் யூடியூபிலேயே நேரலையாக ஓடுகின்றன. பெரிய சேனல்களின் சீரியல்களையும் சந்தா கட்டி ஆப் வழியாகப் பார்த்துவிடலாம். கிடைக்காமல் போவது உங்கள் ஊர் லோக்கல் சேனல்தான். தேரோட்டம், பள்ளி ஆண்டு விழா, வார்டு கூட்டம், நடுநடுவே ஜவுளிக்கடை விளம்பரம், அடியில் ஓடும் கண்ணீர் அஞ்சலி வரி. கேபிள்காரர் தன் கண்ட்ரோல் ரூமிலிருந்து அனுப்பும் அந்தச் சேனல், அவர் வயர் போகும் தெருக்களோடு நின்றுவிடும்.

அந்த வயர் உங்கள் வீட்டுக்குள் வருகிறது, மாதாமாதம் பணமும் கட்டுகிறீர்கள். அதில் வரும் படத்தை உங்கள் இன்டர்நெட் இணைப்பு வழியாகவே உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்வதைப் பற்றியது இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் கேபிள் இணைப்பும் ஃபைபர் இன்டர்நெட்டும் உள்ள ஒரு சாதாரண வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். டிடிஎச் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

தேவையா என்று முதலில் பாருங்கள்

டிடிஎச் வைத்திருந்தால் உங்கள் நிறுவனத்தின் மொபைல் ஆப்பைத் திறந்து, உங்கள் பேக்கில் உள்ள எத்தனை சேனல்கள் அதில் நேரலையாக வருகின்றன என்று பாருங்கள். சென்னையிலிருந்து பெங்களூரு, டெல்லி போகிறவருக்கு அதுவே போதும். வெளிநாடு என்றால் கதை வேறு. ஒளிபரப்பு உரிமையை நாடு வாரியாகத்தான் விற்கிறார்கள் என்பதால், இந்தியாவுக்கு வெளியே போனதும் ஆப் திறக்கும், ஆனால் படம் வராது. விளையாட்டுச் சேனல்களில் இது இன்னும் கறார். உங்கள் லோக்கல் சேனல் யூடியூபிலும் போடுகிறதா என்று கேபிள்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போட்டால் உங்களுக்கு வேலை மிச்சம்.

இவை எதுவும் சரிப்படவில்லை என்றால் மேலே படியுங்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முந்தைய இரவு இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

ஏன் நாமே கட்ட வேண்டும்

இதற்கென்றே ஒரு கருவி இருந்தது. பெயர் ஸ்லிங்பாக்ஸ். அமெரிக்காவில் கிரிக்கோரியன் சகோதரர்கள், வெளியூர் போகும்போது தங்கள் ஊர் பேஸ்பால் ஆட்டங்களைப் பார்க்க முடியவில்லை என்ற குறையில் உருவாக்கியது. 2005இல் விற்பனைக்கு வந்தது. செட்டாப் பாக்ஸுக்கும் ரூட்டருக்கும் நடுவே வைத்தால் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் வீட்டு டிவியைப் பார்க்கலாம், சேனலையும் மாற்றலாம். 2007இல் எக்கோஸ்டார் நிறுவனம் அதை 38 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 நவம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2022 நவம்பர் 9ஆம் தேதி சர்வர்களை அணைத்தார்கள். அன்றோடு, பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளும் அவர்கள் ஆப்புக்கு எட்டாமல் போயின.

பெட்டி வாங்கியவர் வீட்டில், கேபிள் அவருடையது, இன்டர்நெட் அவருடையது. ஆனாலும் போன் பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்க நிறுவனத்தின் சர்வர் வேண்டியிருந்தது. அதனால் கீழே சொல்லும் அமைப்பில், ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழற்றி வேறொன்றை மாட்ட முடிகிற மாதிரியே தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு கம்பெனி கடையை மூடினால் ஒரு பாகம் போகும், மொத்தமும் போகாது.

அமெரிக்காவில் எச்டிஹோம்ரன் என்ற ட்யூனர் பெட்டியை நேரே கேபிளில் மாட்டி, கேபிள்கார்டு என்ற அட்டையைச் செருகிப் பார்த்தவர்கள் உண்டு. அந்த வழி நமக்கு இல்லை. அனலாக் காலத்தில் கம்ப்யூட்டரில் ஒரு டிவி ட்யூனர் கார்டு போட்டால் கேபிள் வயரை நேரே செருகிப் பார்த்திருப்போம். 2012இல் தொடங்கி 2017 வரை நான்கு கட்டங்களாக நாடு முழுவதும் கேபிள் டிஜிட்டலாக மாறியபோது, வயரில் வரும் எல்லாமே பூட்டிய சிக்னல் ஆகிவிட்டது. அதைத் திறக்கும் சாவி செட்டாப் பாக்ஸுக்குள் மட்டுமே இருக்கிறது. ஆகவே பாக்ஸ் திறந்து கொடுக்கும் படத்தைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

எச்டிஎம்ஐ வேண்டாம், ஏவி போர்ட் போதும்

பலரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும். அதிலிருந்து ஒரு கேப்சர் கார்டுக்கு (வெளியிலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவி) வயர் போட்டால் படம் வரும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். வரும், கறுப்பாக. எச்டிசிபி என்ற பாதுகாப்பு முறையில் பாக்ஸ், எதிரே இருப்பது டிவிதானா என்று விசாரித்துவிட்டுத்தான் படத்தை அனுப்புகிறது. அந்த விசாரணையில் கேப்சர் கார்டு தேறாது.

இந்தப் பூட்டை உடைக்கும் ஸ்ப்ளிட்டர்கள் ஆன்லைனில் விற்கின்றன. நான் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பாதுகாப்பை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. நம் நோக்கம் அதுவல்லதான், ஆனாலும் அந்த வம்பே நமக்குத் தேவையில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின் கொண்ட பழைய ஏவி போர்ட் இன்னும் பெரும்பாலான பாக்ஸ்களில் இருக்கிறது. அதற்கு எச்டிசிபி பூட்டு கிடையாது.

ஏவியில் வருவது 720க்கு 576 அளவுள்ள சாதாரணப் படம். எச்டி சேனலும் அதில் எஸ்டியாகத்தான் வெளிவரும். 55 இன்ச் டிவியில் இது கண்ணை உறுத்தும். போனிலும் டேப்லெட்டிலும் நன்றாகவே இருக்கும், லேப்டாப்பில் பரவாயில்லை. அதோடு, சின்னப் படம் என்பதால் இன்டர்நெட் செலவும் குறைவு.

வேண்டிய சாமான்கள்

ஒரு பழைய லேப்டாப். பத்து வருடப் பழசு என்றாலும் இந்த அளவுப் படத்துக்குத் தாங்கும். ஸ்க்ரீன் உடைந்திருந்தாலும், கீபோர்டில் நாலு கட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் வைத்தும் செய்யலாம். நான் லேப்டாப்பைச் சொல்வதற்குக் காரணம் அதன் பேட்டரி. கரண்ட் போகும் ஊரில் அதுவே ஒரு யுபிஎஸ்.

ஏவியை யுஎஸ்பியாக மாற்றும் கேப்சர் கருவி. ஈசிகேப் என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரே பெயரில், ஒரே உறையில் பல விதமான சிப்கள் வருகின்றன என்பதால், உங்கள் விண்டோஸ் பதிப்பில் வேலை செய்யும் என்று வாங்கியவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குவது இன்னும் நல்லது.

ரிமோட்டுக்குப் பதிலாக ஒரு ஐஆர் பிளாஸ்டர். வைஃபையில் இணைந்து, ரிமோட் அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத ஐஆர் (அகச்சிவப்பு) ஒளியைத் தானே அனுப்பும் சின்ன உருண்டை. பிராட்லிங்க் நிறுவனத்துடையது பரவலாகக் கிடைக்கிறது. போனிலிருந்தே கரண்டை அணைத்துப் போடும் ஒரு ஸ்மார்ட் பிளக்கும் வேண்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது செட்டாப் பாக்ஸ். வீட்டில் இருப்பது ஒரே பாக்ஸ் என்றால், நீங்கள் துபாயில் உட்கார்ந்து சேனல் மாற்றும்போது ஊரில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும் சீரியலும் மாறிவிடும். ஒரு நாள் பொறுத்துக்கொள்வார். மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிடுவார், அதில் தப்பும் இல்லை. கேபிள்காரரிடம் "அண்ணே, இன்னொரு டிவிக்கு ஒரு பாக்ஸ் வேணும்" என்று சொல்லி, தனிப் பாக்ஸ், தனி பேக் வாங்கிவிடுங்கள். அந்தப் பேக்கில் உங்களுக்கு வேண்டிய நாலைந்து கட்டணச் சேனல்கள் மட்டும் இருந்தால் போதும். லோக்கல் சேனல் வருகிறதா என்பதை அவர் இருக்கும்போதே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்ஸில் ஏவி போர்ட் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இல்லாத மாடல் என்றால் மாற்றிக் கேளுங்கள்.

இந்த இரண்டாவது பாக்ஸை வேறு அறையில் வையுங்கள். இரண்டும் ஒரே மாடல் என்றால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டுமே ஆடும். ஐஆர் சுவரைத் தாண்டாது என்பதால் அறை மாறினாலே பிரச்சினை தீர்ந்தது.

வயர் போடுவது

பாக்ஸின் மஞ்சள் பின்னிலிருந்து கேப்சர் கருவியின் மஞ்சளுக்கு, வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு. மஞ்சள் படம், மற்ற இரண்டும் ஒலி. கருவியில் கறுப்பாக ஒரு எஸ்-வீடியோ ஓட்டை இருந்தால் அதைச் சும்மா விடுங்கள்.

புதிய சின்ன பாக்ஸ்களில் மூன்று பின்னுக்குப் பதில், ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒரே ஒரு ஏவி ஓட்டை இருக்கும். அதற்கு ஒரு முனையில் அந்த முள்ளும் மறுமுனையில் மூன்று பின்னும் உள்ள வயர் வேண்டும். கவனியுங்கள்: எல்லா வயரும் வெளியே ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே இணைப்பு வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளில் படம் வராமல் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று இரைச்சல் கேட்டால், படம் சிவப்புப் பின்னில் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சிவப்பை மஞ்சள் ஓட்டையில் மாற்றிச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். பாக்ஸோடு வந்த வயரே இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பாக்ஸின் செட்டிங்ஸில் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். வீடியோ முறை பால் (PAL, நம் ஊர் டிவி முறை) என்றிருக்க வேண்டும். திரை விகிதம் 16:9 என்று வையுங்கள். சில மணி நேரம் ரிமோட் தொடாவிட்டால் தானாக அணையும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். மூன்றாவதை மறந்தால் நீங்கள் பார்க்க உட்காரும்போதெல்லாம் பாக்ஸ் தூங்கிக்கொண்டிருக்கும்.

படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருதல்

லேப்டாப்பில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். சோர்ஸஸ் பகுதியில் வீடியோ கேப்சர் டிவைஸ் என்பதைச் சேர்த்து உங்கள் ஈசிகேப்பைத் தேர்ந்தெடுத்தால் படம் வர வேண்டும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ, வீடியோ முறை என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்றிருக்கிறது. பால் பி-க்கு மாற்றுங்கள். ஒலி வரவில்லை என்றால் அதே செட்டிங்ஸ் ஜன்னலின் அடியில் தனி ஆடியோ கருவியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். கேப்சர் கருவியின் ஒலி விண்டோஸுக்கு ஒரு மைக் மாதிரிதான் தெரியும், அந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஒரு கிரிக்கெட் ஆட்டத்தையோ, கீழே வரி ஓடும் செய்திச் சேனலையோ போட்டு உற்றுப் பாருங்கள். அசையும் எழுத்துகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். ஏவி படம் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி அனுப்புவதால் வருவது அது. சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து, டீஇன்டர்லேசிங் என்பதில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள். கோடுகள் மறைந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் 'ஈசிகேப் குவாலிட்டி மோசம்' என்று எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம்.

செட்டிங்ஸில் வீடியோ அளவை 1024க்கு 576 என்று கொடுத்து, படத்தை அந்தச் சட்டம் முழுக்க இழுத்து நிரப்புங்கள். அப்போதுதான் முகங்கள் ஒடுங்காமல் சரியான அகலத்தில் தெரியும். நொடிக்கு 25 பிரேம். வீடியோ பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா, கிலோபிட் கணக்கில்) 1500, ஆடியோ 96, கீஃப்ரேம் இடைவெளி 2 நொடி. இந்த எண்களில் ஒரு மணி நேரம் பார்க்க சுமார் 720 எம்பி ஆகும். ரோமிங் டேட்டாவில் பார்ப்பவர் வீடியோவை 700, ஆடியோவை 64 என்று குறைத்தால் மணிக்கு 350 எம்பிக்குள் முடியும். பேசும் முகங்களுக்கு அது போதும், கிரிக்கெட் பந்து தெரியாது.

அடுத்து மீடியாஎம்டிஎக்ஸ். இதுவும் இலவசம், ஒரே ஒரு ஃபைல். ஓபிஎஸ் கொடுக்கும் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும் போனுக்கெல்லாம் கொடுப்பது இதன் வேலை. ஜிப்பைப் பிரித்து ஓடவிட்டால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். ஓபிஎஸ்ஸின் ஸ்ட்ரீம் பகுதியில் சேவை கஸ்டம் என்று வைத்து, சர்வர் இடத்தில் ஆர்டிஎம்பி (rtmp) முறையில் லோக்கல்ஹோஸ்ட் (அதே லேப்டாப்பைக் குறிக்கும் பெயர்) முகவரியும், அதன் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'tv' என்று ஆங்கில எழுத்தில் நீங்கள் வைக்கும் பெயரும் கொடுங்கள். ஸ்ட்ரீம் கீ காலியாகவே இருக்கட்டும். ஸ்டார்ட் ஸ்ட்ரீமிங் அழுத்துங்கள்.

இதை இரவு பகலாக ஓடவிட்டால் டேட்டா தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். தீராது. ஓபிஎஸ்ஸிலிருந்து மீடியாஎம்டிஎக்ஸுக்குப் போகும் படம் அந்த லேப்டாப்புக்குள்ளேயே சுற்றுகிறது. நீங்கள் போனில் திறந்து பார்க்கும் நேரம் மட்டும்தான் வீட்டை விட்டு வெளியே போகிறது.

முதல் சோதனையை வீட்டு வைஃபையிலேயே செய்யுங்கள். போனில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரை நிறுவி, நெட்வொர்க் ஸ்ட்ரீம் என்பதைத் திறந்து, ஆர்டிஎஸ்பி (rtsp) முறையில் லேப்டாப்பின் ஐபி முகவரி (வீட்டு வைஃபையில் அதற்குரிய எண்), அதன்பின் 8554 என்ற போர்ட் எண், சாய்கோடு, நீங்கள் வைத்த பெயர். படம் வந்தால் கஷ்டமான பாதி முடிந்தது. வராவிட்டால் இங்கேயே நின்று சரிசெய்யுங்கள். வீட்டுக்குள் வராத படம் வெளியூரில் வராது.

வீட்டுக்கு வெளியே: சிஜிநாட் என்ற சுவர்

பழைய வழிகாட்டிகள் எல்லாம், ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் உள்ள கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்யுங்கள் என்று சொல்லும். நம் ஊரில் பல இணைப்புகளில் அது பலிக்காது. ஐபிவி4 என்ற பழைய வகை இன்டர்நெட் முகவரிகள் தட்டுப்பாடு என்பதால், நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இதற்குத்தான் சிஜிநாட் என்று பெயர். உங்கள் வீடு அந்த வகையா என்று பார்க்க, ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, ரூட்டருக்கு வெளிப்பக்கம் உள்ள முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, நீங்கள் சுவருக்குப் பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து உங்கள் கதவைத் தட்ட முடியாது.

நான் பரிந்துரைப்பது டெயில்ஸ்கேல். சுவருக்கு இருபுறமும் உள்ள உங்கள் கருவிகள் இரண்டும் வெளியே கைநீட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் முறை இது. அடியில் ஓடுவது வயர்கார்டு என்ற நம்பகமான திறந்த மூல நுட்பம். தனிநபருக்கு இலவசம். லேப்டாப்பில் நிறுவுங்கள், போனில் நிறுவுங்கள், இரண்டிலும் ஒரே கணக்கில் நுழையுங்கள். லேப்டாப்புக்கு 100 என்று தொடங்கும் ஒரு புதிய முகவரி கிடைக்கும். விஎல்சியில் பழைய முகவரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வந்தால் சிங்கப்பூரிலும் இதே முகவரிதான்.

இரண்டு செட்டிங்ஸை இப்போதே செய்துவிட வேண்டும். டெயில்ஸ்கேல் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் சாவி, மாற்றாமல் விட்டால் 180 நாளில் காலாவதி ஆகிவிடும். மறுபடி யாராவது லேப்டாப் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்ய வேண்டும். ஆறு மாத ஆன்சைட் வேலைக்குப் போனவர், கடைசி வாரத்தில் இணைப்பு செத்துப்போய் நிற்பது இதனால்தான். டெயில்ஸ்கேல் இணையப் பக்கத்தின் மெஷின்ஸ் பட்டியலில், வீட்டு லேப்டாப்புக்கு மட்டும் கீ எக்ஸ்பயரியை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, விண்டோஸ் டெயில்ஸ்கேலில் ரன் அன்அட்டெண்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் யாரும் லாகின் செய்யாத நிலையிலும் இணைப்பு உயிரோடு இருக்கும்.

கம்பெனி சர்வரை நம்பக்கூடாது என்று மேலே சொல்லிவிட்டு டெயில்ஸ்கேலைச் சொல்கிறேனே என்றால், அது நியாயமான கேள்விதான். கருவிகளை அறிமுகப்படுத்தி வைப்பது அவர்கள் சர்வர். ஆனால் படம் முனைக்கு முனை பூட்டப்பட்டே போகிறது, முடிந்தவரை நேராகவும் போகிறது. நாளை அவர்கள் கடை மூடினாலும் ஓபிஎஸ், மீடியாஎம்டிஎக்ஸ், வயர் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த ஒரு பாகத்துக்கு ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மூல சர்வரையோ, நேரடி வயர்கார்டையோ மாட்டிக்கொள்ளலாம்.

எந்தக் காரணம் கொண்டும் மீடியாஎம்டிஎக்ஸைக் கடவுச்சொல் இல்லாமல் நேரே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்து கிடக்கும் ஸ்ட்ரீம்களைத் தேடிக்கொண்டே இருக்கும் ஸ்கேனர்கள் அதைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் உங்கள் கேபிள் சந்தாவை ஊரே பார்க்கும்.

சேனல் மாற்றுவது

ஐஆர் பிளாஸ்டரை பாக்ஸின் முன்பக்கம் பார்த்து, ஓரிரு மீட்டர் தூரத்தில் வையுங்கள். ஆப்பில் உங்கள் பாக்ஸ் மாடலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உள்ளூர் கேபிள் பாக்ஸ்கள் அந்தப் பட்டியலில் கிடைப்பது அபூர்வம். கற்றுக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரிஜினல் ரிமோட்டை பிளாஸ்டருக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கேட்கும்போது பொத்தானை ஒருமுறை அழுத்தி உடனே விடுங்கள். அழுத்திப் பிடித்தால் ஒரே கட்டளை இரண்டு மூன்று முறை பதிவாகி, பின்னால் 1 அழுத்தினால் 11 என்று போகும். பவர், 0 முதல் 9 வரை எண்கள், ஓகே, பேக், சேனல் மேலே கீழே. இவ்வளவு போதும். வால்யூம் வேண்டாம், பாக்ஸில் முக்கால் அளவில் வைத்துவிட்டு போனில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

ப்ளூடூத் ரிமோட்டில் ஓடும் பாக்ஸ் என்றால் ஐஆர் பிளாஸ்டர் எடுபடாது. வாங்கும் முன் பாருங்கள். போன் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே வைத்துப் பொத்தானை அழுத்தினால், ஐஆர் ரிமோட்டில் பெரும்பாலும் ஒரு ஊதா வெளிச்சம் மின்னுவது திரையில் தெரியும்.

பிளாஸ்டரின் ஆப் அதன் நிறுவன சர்வர் வழியாகத்தான் வெளியூரிலிருந்து வேலை செய்கிறது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் வீட்டு ஸ்மார்ட் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டண்ட் என்ற மென்பொருளை நிறுவி, வீட்டுக்குள்ளேயே பேசவைக்கலாம். அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

பொத்தான் அழுத்தியதும் திரையில் மாற்றம் தெரிய மூன்று நான்கு நொடி ஆகும். அதற்குள் மறுபடி மறுபடி அழுத்தினால் சேனல் எங்கோ போய் நிற்கும். மேலே கீழே போய்த் தேடாமல், வேண்டிய சேனல் எண்களை எழுதி வைத்துக்கொண்டு நேரே எண்ணை அடியுங்கள்.

கரண்ட் போனால்

நம் ஊரில் இந்த அமைப்பு விழுவது பெரும்பாலும் இங்கேதான். கரண்ட் போய் வந்ததும் சில பாக்ஸ்கள் கடைசியாக ஓடிய சேனலோடு எழும், சில சிவப்பு விளக்கோடு சும்மா நிற்கும். உங்களுடையது எந்த வகை என்று பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். சிவப்பு வகை என்றால் பிளாஸ்டரில் பவர் பொத்தானைக் கற்றுக்கொடுத்திருப்பது கைகொடுக்கும். பாக்ஸ் உறைந்துபோய் ரிமோட்டையும் கேட்காமல் நின்றால், ஸ்மார்ட் பிளக்கை அணைத்துப் பத்து நொடி கழித்துப் போட்டுவிடலாம். இதற்காகத்தான் அதை வாங்கச் சொன்னேன். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யுபிஎஸ் போடுங்கள்.

லேப்டாப்பில்: ஸ்லீப் ஒருபோதும் வேண்டாம், மூடியை மூடினால் எதுவும் செய்ய வேண்டாம் என்று வையுங்கள். விண்டோஸ் தானாக லாகின் ஆகட்டும், ஓபிஎஸ்ஸும் மீடியாஎம்டிஎக்ஸும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருக்கட்டும். ஓபிஎஸ் ஷார்ட்கட்டின் டார்கெட் வரியின் கடைசியில் இரண்டு ஹைஃபனும் ஸ்டார்ட்ஸ்ட்ரீமிங் என்ற சொல்லும் சேர்த்தால், திறந்தவுடன் தானே அனுப்பத் தொடங்கிவிடும். பேட்டரியை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால் கட்டாயம் போடுங்கள். மாதக்கணக்கில் முழுச் சார்ஜிலேயே வெயில் காலத்தில் கிடக்கும் பேட்டரி உப்பிவிடும், அது ஆபத்து. ஏற்கெனவே உப்பியிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு யுபிஎஸ்ஸில் ஓட்டுங்கள். பாக்ஸின் மேல் லேப்டாப், லேப்டாப்பின் மேல் டர்க்கி டவல் என்று அடுக்க வேண்டாம். இரண்டுக்கும் காற்று வேண்டும்.

லேப்டாப்பைத் தூரத்திலிருந்து இயக்க எனிடெஸ்க் போன்ற ஒன்றையும் போட்டு வையுங்கள். அதன் எண்ணையும் கடவுச்சொல்லையும் யார் போன் செய்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று வீட்டில் உள்ளவர்களிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு பிளக்கிலும் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: பாக்ஸ், லேப்டாப், ரூட்டர். "அப்பா, ரூட்டர்னு எழுதியிருக்கிறதைப் பிடுங்கிட்டுத் திரும்பப் போடுங்க" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை, ஸ்டிக்கர் இல்லாவிட்டால் அரை மணி நேர வீடியோ கால் ஆகும்.

போன இடத்தில்

ஹோட்டல் வைஃபையில் அறை எண் கேட்கும் பக்கம் முதலில் திறக்க வேண்டும். டெயில்ஸ்கேலை அணைத்துவிட்டு அதில் நுழைந்து, பிறகு போடுங்கள். படம் விட்டு விட்டு வந்தால், கம்ப்யூட்டர் விஎல்சியில் ஆர்டிஎஸ்பியை டிசிபி வழியாக அனுப்பும் வசதியைத் தேர்ந்தெடுத்து, நெட்வொர்க் கேச்சிங்கை 3000 மில்லிசெகண்டாகக் கூட்டுங்கள். அப்படியும் திணறினால் பிரௌசரில் அதே முகவரியை 8888 போர்ட்டோடு திறங்கள். அது எச்எல்எஸ் முறை. சில நொடி தாமதமாக வரும், ஆனால் மோசமான இணைப்பிலும் தாங்கும். ஐபோனில் விஎல்சியே நல்லது. அறையில் உள்ள டிவியில் பார்க்க, ஒரு எச்டிஎம்ஐ வயரைப் பையில் போட்டுக்கொண்டு போனால் லேப்டாப்பிலிருந்து மாட்டிவிடலாம்.

டெயில்ஸ்கேலும் ஒரு விபிஎன்தான், அதாவது இன்டர்நெட் வழியே போகும் பூட்டிய தனிப் பாதை. விபிஎன்னைக் கட்டுப்படுத்தும் நாடுகள் உண்டு. போகும் நாட்டின் விதியைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசம் வளைகுடாவுக்கு நாட்டைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டரை மணி, சிங்கப்பூருக்கு இரண்டரை மணி, சமாளிக்கலாம். அமெரிக்காவில் இரவு எட்டு மணி சீரியல் காலையில் அலுவலகம் கிளம்பும் நேரத்தில் வரும். அங்கே இருப்பவர்கள் நேரலையை விட்டுவிட்டு ரெக்கார்டிங் பக்கம் போவதே நல்லது. பாக்ஸில் பென்டிரைவ் போட்டு ரெக்கார்டு செய்தால் அந்தப் பாக்ஸில் மட்டுமே அது ஓடும்படி பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஓபிஎஸ்ஸிலேயே ரெக்கார்டு செய்யுங்கள். மேலே சொன்ன பிட்ரேட்டில் 500 ஜிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 690 மணி நேரம் நிற்கும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துவிடலாம், சேனலை மட்டும் முன்னதாக மாற்றி வைத்துவிடுங்கள்.

சொந்தமாகப் பார்ப்பதற்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கருதவில்லை. அந்த விலக்கு பதிவு செய்தவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். இந்த இணைப்பை நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ, மாதம் நூறு ரூபாய்க்குப் பகிர்வதோ வேறு விஷயம். அது ஒளிபரப்பாளரின் உரிமையில் கைவைப்பது. பெரும்பாலான சந்தா ஒப்பந்தங்கள் பாக்ஸை ஒரு வீட்டின் பயன்பாட்டுக்கு மட்டும் என்றே கொடுக்கின்றன, அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் கடைசிச் சோதனை

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டில் யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, மெயின் ஸ்விட்சை அரை மணி நேரம் அணைத்துப் போடுங்கள். பிறகு நீங்கள் வெளியே போய், மொபைல் டேட்டாவில் மட்டும், லோக்கல் சேனலைத் திறந்து, வேறு சேனல் மாற்றி, திரும்ப லோக்கலுக்கு வாருங்கள். படம் வரவே இல்லை என்றால் டெயில்ஸ்கேல் ஆப்பில் லேப்டாப் பச்சையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பச்சை இல்லை என்றால் பிரச்சினை இன்டர்நெட்டில் அல்லது லேப்டாப்பில். பச்சையாக இருந்தும் விஎல்சி திறக்கவில்லை என்றால் மீடியாஎம்டிஎக்ஸ் எழவில்லை, அல்லது ஓபிஎஸ் அனுப்பவில்லை. திறந்து கறுப்பாக வந்தால் பாக்ஸ் அணைந்திருக்கிறது, பிளாஸ்டரில் பவரை அழுத்துங்கள். படம் வந்து 'சந்தா முடிந்தது' என்று காட்டினால், அடுத்த மாத ரீசார்ஜுக்கும் சேர்த்துக் கேபிள்காரரிடம் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.